தலைதட்டிய கரண்டி

நலவாழ்வுத் துண்டறிக்கைகளைத் தமிழாக்கும் தன்னார்வலர் குழு ஒன்றை 2020 முதல் ஒருங்கிணைத்து வருகிறேன். கொரோனா ஊரடங்கின்போது ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பிய பக்கம் விடிவதற்குள் தமிழாகி வந்து நிற்கும். இரண்டு ஆண்டு கழித்து அதே வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும்தான் மிஞ்சியிருந்தன.

எல்லோருக்கும் வேலை திரும்பிவிட்டது, நேரமில்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். சான்றிதழ் அச்சடித்து அனுப்பினோம். நன்றிக் கூட்டம் நடத்தினோம். யாரும் திரும்பவில்லை. கடைசியில் விலகியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார்: "டி.பி. பத்தி ஒன்பது பக்கம் எழுதிக் குடுத்தேனே தம்பி, அது என்ன ஆச்சு?"

அது மருத்துவரின் சரிபார்ப்புக்காக ஐந்து மாதமாகக் கிடந்தது. நான் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, ஆறு மாதமும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதை மிரட்டாமல் எப்படிச் சொல்வது என்று அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா. அந்த உழைப்புக்கு என் பதில் மௌனம். ஆட்களை விரட்டியது வேலைப்பளு இல்லை, இந்த மௌனம்தான்.

இன்னொருவர், செவிலியர், வேறு காரணம் சொன்னார். அவர் 'சர்க்கரை நோய்' என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்து 'நீரிழிவு' என்று திருத்தியிருந்தார்கள், காரணம் எதுவும் சொல்லாமல். "வார்டுல யாரும் நீரிழிவு இருக்கான்னு கேக்கறதில்ல சார், சுகர் இருக்கான்னுதான் கேப்போம்." அவர் சொன்னது சரி. இப்போது தலைப்பில் இரண்டு சொல்லும் இருக்கும், உள்ளே சர்க்கரை நோய்தான். திருத்துகிற மருத்துவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்று வைத்தோம். முதலில் முகம் சுளித்தார்கள். எழுதத் தொடங்கியபின் பாதித் திருத்தங்களை அவர்களே கைவிட்டார்கள்.

ஆசிரியையைத் திரும்ப அழைத்தது வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றிய சின்னத் துண்டறிக்கைக்காக. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மூலத்தில் கரண்டி மட்டமாக இருக்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் பழைய தமிழாக்கத்தில் 'சமமான தேக்கரண்டி' என்று போட்டிருந்தோம். அவர் அதை அடித்துவிட்டுத் 'தலைதட்டிய' என்று எழுதினார். படி அளக்கிற எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல், எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் இன்னொரு கேள்வியும் கேட்டார்: தூள் உப்பா, கல் உப்பா? ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே அளவு நிற்காதே. அது மருத்துவரிடம் போய், 'தூள் உப்பு' என்று துண்டறிக்கையில் ஏறியது.

அச்சானதும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி நாளன்று தாய்மார்களுக்கு அதை வாசித்தார். ஒரு பாட்டி குறுக்கிட்டு, "தலைதட்டின்னா இப்படித்தானே?" என்று விரலால் கரண்டியை வழித்துக் காட்டினார். அன்று மாலை அதை ஆசிரியையிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அடுத்தது என்ன தம்பி?" என்றார்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர்; நூல்களைத் தமிழாக்குவதில் அவருடைய மாணவர்களும் கைகொடுத்தார்கள். அவர்கள் எழுதியது யாருக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அந்த வசதி இல்லை, நாங்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே இப்போது பக்கம் வந்து சேர்ந்த அன்றே பதில் போய்விடும். சரிபார்ப்பு தாமதமானால் அதையும் சொல்கிறேன். மாதம் ஒருமுறை தன்னார்வலர் ஒருவரை, துண்டறிக்கை வாசிக்கப்படும் இடத்துக்கே கூட்டிப்போகிறேன். வரும் புதன்கிழமை, 'சர்க்கரை நோய்' என்று எழுதிய அந்தச் செவிலியர் வருகிறார். தாய்ப்பால் பற்றிய பக்கத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.