பத்து மில்லிமீட்டர் எங்கே போனது?

போன மாதம் எங்கள் காரைக்குடிப் பட்டறையில் வெட்டி அனுப்பிய நானூறு ஒயரும் அப்படியே திரும்பி வந்தன. பேனல் போர்டு செய்கிறவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, ஒயர் எட்டல." அவர் கேட்டது 1000 மில்லிமீட்டர். நேராக இழுத்துப் பிடித்து டேப்பை வைத்தால் 990. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, கையில் எடுத்ததெல்லாம் 990.

ஆனால் ஒயர் வெட்டும் மிஷினில் 1000 என்றுதான் போட்டிருந்தேன். எங்களிடம் இருக்கும் மாதிரி சின்ன மிஷின் ஒயரை அளப்பதே இல்லை, ரோலர் எவ்வளவு சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. ரோலர் விட்டம் 20 மி.மீ., ஒரு சுற்றுக்கு 62.8 மி.மீ. ஒயர் நகரும். மோட்டார் ஒரு சுற்றை 200 சின்ன அடியாக (ஸ்டெப்) எடுத்து வைத்துச் சுற்றுகிறது, ஆக ஒரு அடிக்கு 0.314 மி.மீ., 3183 அடி எண்ணியதும் பிளேடு இறங்கிவிடும். ரோலர் தேய்ந்து 19.8 ஆகிவிட்டால் அதே 3183 அடிக்கு 990 தான் வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த 0.2 தான் பத்து மில்லிமீட்டரைத் தின்றிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்தது, 100-இல் பத்துத் துண்டு, 1000-இல் பத்துத் துண்டு வெட்டிப் பார்த்ததுதான். 100 போட்டது 99 வந்தது, 1000 போட்டது 990. நீளம் கூடக் கூடக் குறைச்சலும் கூடுகிறது என்றால் ரோலர்தான். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் பிளேடு செட்டிங்கைப் பார்க்க வேண்டும். துண்டுக்குத் துண்டு மாறினால் ஒயர் வழுக்குகிறது. அப்போது ரோலர் அழுத்தத்தையும் ஒயர் சுருளான காயிலையும் பாருங்கள். 90 மீட்டர் காயிலைத் தரையில் போட்டு இழுக்க விட்டால் முறுக்கிக்கொண்டு வெடுக்கென்று பிடிக்கும். சுழலும் ஸ்டாண்டில் மாட்டி, நடுவில் ஒயரைக் கொஞ்சம் தொங்க விட வேண்டும். அழுத்தத்தை அதிகமாக வைத்தாலும் தப்பு, ஒயரின் பிவிசி உறையில் ரோலரின் பல் பதிந்துவிடும்.

செட்டிங்கில் நீளத்தைக் கூட்டிப் போட்டும் ஒப்பேற்றியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. தேய்ந்த பல் இன்று சரியாக இழுத்தாலும் நாளைக்கு வழுக்கும், அதனால் ரோலரையே மாற்றிவிட்டேன். அப்புறம், ஒயர் மேல் இருக்கும் வெள்ளைப் பொடி பல்லுக்குள் அடைகிறது. இப்போதெல்லாம் காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறேன்.

மிஷின் வருவதற்கு முன் அப்பச்சி (அப்பா) வீட்டு உள்முற்றமான வளவில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் ஒயரை விரித்துத்தான் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் பத்து அங்குலக் கல். நாலு கல் என்றால் ஒரு மீட்டரைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் போல இருக்கும், அந்தக் கூடுதலை வேண்டுமென்றேதான் விடுவார்கள்.

திரும்பி வந்த நானூறையும் தூக்கிப் போடவில்லை. 450 மி.மீ. ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. அப்பச்சி அதே வளவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிக் கொடுத்தார்கள்.