எங்க ப்ரேக் பிடிக்கலாம்னு நடந்துதான் பார்க்கணும்: ஒரு கறுப்பு வைர ட்ரெயில் அனுபவம்

எங்க பக்கத்து மலையில இருக்கிற மவுண்டன் பைக் ட்ரெயில்ல கீழ்ப்பாதியை எல்லாரும் ஓட்டுவாங்க, மேல்பாதிக்குப் போறவங்க ரொம்பக் கம்மி. போன வாரம் நானும் ஃப்ரெண்டும் உச்சி வரைக்கும் ஏறி முழு இறக்கத்தையும் ஓட்டிட்டு வந்தோம், சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

மேல்பாதி தொடங்குற இடத்துல ஒரு கம்பம் நட்டு அதுல கறுப்பு வைரம் போட்டிருப்பாங்க. இந்த அடையாளம் எல்லாம் பனிச்சறுக்கு சரிவுகள்ல இருந்து வந்தது, பச்சை வட்டம்னா ஈஸி, நீலச் சதுரம்னா நடுத்தரம், கறுப்பு வைரம்னா கஷ்டம், அதுவே ரெண்டு இருந்தா நல்லா பழகினவங்களுக்கு மட்டும். சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் ஐ.எம்.பி.ஏ. சொல்ற அளவுப்படி நீலச் சதுரத்துல சுத்திப் போக முடியாத தடை 8 இன்ச் உயரம் வரைக்கும் இருக்கலாம், கறுப்பு வைரத்துல 15 இன்ச் வரைக்கும். 29 இன்ச் சக்கரத்தோட அச்சு தரையில இருந்து கிட்டத்தட்ட அதே உயரத்துலதான் இருக்கு, அப்போ அச்சு மட்டத்துக்கு ஒரு கல்லு நடுவுல நின்னா அதுக்கு மேல ஏறி இறங்கித்தான் போகணும்னு அர்த்தம். பாதையோட அகலமும் 12 இன்ச் அளவுக்குச் சுருங்கிடலாம். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு போனா அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது மனசு தானா ஒரு கட்டுக்குள்ள வந்துடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பார்த்தோம். ட்யூப்லெஸ்ங்கிறதால முன்னாடி 22, பின்னாடி 25 பி.எஸ்.ஐ. வச்சேன், இதுக்கு மேல போனா டயர் கல்லு மேல துள்ளும், ரொம்பக் குறைச்சா ரிம்மு கல்லுல இடிக்கும், ஆள் எடைக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால என் நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க. முழங்காலுக்குப் பேடு, முழு விரல் க்ளவுஸ், ஹெல்மெட்டோட தாடை வார் இறுக்கம், அவ்வளவுதான்.

ஏத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முதல்ல ஜீப் போற அகலத்துக்கு மண்ரோடு, அதுல பேசிக்கிட்டே போலாம், அப்புறம் ஒத்தையடிப் பாதை, அங்க பேச்சு நின்னுடும். என் பைக்குல முன்னாடி 32 பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரம் 51 பல்லு, அதுல போட்டா பெடல் ஒரு முழுச் சுத்து சுத்தினாலும் வண்டி ஒன்றரை மீட்டர் கூட நகராது, ஆனா அந்த ஒன்றரை மீட்டரை நிதானமா சேர்த்துக்கிட்டே போனா செங்குத்துன்னு நினைக்கிற இடம் எல்லாம் ஏறிடுது. சரளைக்கல்லு கிடக்கிற ஏத்தத்துல எந்திரிச்சு நின்னு மிதிச்சா பின் சக்கரம் வழுக்கும், பின்னாடி சாஞ்சு உக்காந்தா முன் சக்கரம் தூக்கும். சீட்டோட நுனிக்கு வந்து நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்தி முழங்கையை உள்ள ஒடுக்கி வட்டமா மிதிக்கணும். இடையில ரெண்டு இடத்துல இறங்கித் தள்ளினோம், தள்ளுறதுல எந்தத் தப்பும் இல்ல, இறக்கத்துக்குத் தொடையில தெம்பு மிச்சம் இருக்கணும்.

உச்சியில கொஞ்ச நேரம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டு ப்ரேக் லீவரை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். இந்த இடத்துல எனக்கு எப்பவும் ரீபேக் ரேஸ் ஞாபகம் வரும். 1976 அக்டோபர் 21, கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டி, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்துல ஒரு மலை மண்ரோடு, கிட்டத்தட்ட 3.4 கிலோமீட்டர்ல 400 மீட்டர் இறக்கம். பழைய கனமான சைக்கிள்களை எடுத்துக்கிட்டு வந்து அதுல நேரம் வச்சு ஓட்டினாங்க. அப்போ டிஸ்க் ப்ரேக் ஏது, பெடலைப் பின்பக்கம் மிதிச்சா பிடிக்கிற, சக்கரத்தோட நடு உருளையான ஹப்புக்குள்ள இருக்கிற ப்ரேக்தான். கீழ வந்து சேர்றதுக்குள்ள ஹப்புல இருக்கிற கிரீஸ் கொதிச்சு புகையாப் போயிடும், திரும்ப ஓட்டணும்னா ஹப்பைக் கழட்டிப் புதுசா கிரீஸ் அடைக்கணும், அதனாலதான் அந்த ரோட்டுக்கே ரீபேக், அதாவது திரும்ப அடைக்கிறதுன்னு பேரு வந்துச்சு. அங்க கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 செகண்ட்ல இறங்கினது இன்னைக்கும் பேசுற சாதனை, அங்க கூட ஓட்டின ஜோ ப்ரீஸ்தான் 1977-ல மலைக்குன்னே புதுசா ஃப்ரேம் கட்டினார். அங்க இருந்து இருபது வருஷத்துல, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல மவுண்டன் பைக் ஒரு போட்டியாவே வந்துடுச்சு. நம்ம கையில ஒத்த விரலால அமுக்குற ப்ரேக் இருக்கே, அதுக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு, அதை மதிச்சு எங்க பிடிக்கணும் எங்க விடணும்னு கத்துக்கணும்னுதான் எனக்குத் தோணும்.

இறக்கத்தோட முதல் பகுதி மரத்து வேருங்க. வெயில்லயே அதுங்க வழவழன்னு இருக்கும், பனி ஈரம் வேற இருந்துச்சு. வேர் மேல ப்ரேக் பிடிக்கவே கூடாது, சாய்வா குறுக்க போகவும் கூடாது, சக்கரம் வேருக்கு நேர்குத்தா விழணும், வேர் வர்றதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சிட்டு அது மேல போகும்போது கையையும் காலையும் தளர்த்தி வண்டியை அது போக்குல விட்டுடணும். அடுத்து மூணு கொண்டை ஊசி வளைவு. வெளிப்பக்க ஓரத்துக்குப் போய் வளைவுக்கு முன்னாடியே ப்ரேக்கை முடிச்சிட்டு கண்ணை வெளிய வர்ற இடத்துக்குக் கொண்டு போயிட்டா தோள் திரும்பும், தோள் பின்னாடியே வண்டி வந்துடும்.

அப்புறம் வந்தது பாறைத்தோட்டம், ராக் கார்டன். இதுக்காகத்தான் போனோம்.

நாப்பது மீட்டர் நீளம் இருக்கும். மேல இருந்து பார்த்தா ஒண்ணுமே புரியாது, யாரோ கல்லு லாரியைக் கவுத்த மாதிரி கிடக்கும். சைக்கிளை ஓரமா சாய்ச்சு வச்சிட்டு கீழ வரைக்கும் நடந்து போனோம், திரும்ப ஏறி வந்தோம், மறுபடியும் நடந்தோம். நடக்கும்போதுதான் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்குது. நடுவுல ஒரு பெரிய பலகைக்கல்லு, அதோட விளிம்புல முன் பல்சக்கரம் உரசி உரசி வெள்ளிக் கோடு விழுந்திருக்கு. அதுக்கு அடுத்து ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒரு இடுக்கு, சருகு விழுந்து மூடிக் கிடக்கு, மேல இருந்து பார்த்தா சமமான தரைன்னுதான் தோணும், சருகைக் கையால விலக்கிப் பார்த்தா சக்கரம் சரியா உள்ள போய் மாட்டிக்கிற அகலம், ஆழம் முழங்கை வரைக்கும். வண்டியில இருந்தபடி பார்த்திருந்தா அதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது.

இடது பக்கம் நிறையப் பேர் போன தடம் பளிச்சுன்னு இருந்துச்சு. நான் அதைக் காட்டினேன், ஃப்ரெண்டு குனிஞ்சு பார்த்துட்டு, "டேய், தடம் முடியிற இடத்தைப் பாரு, டயர் இழுபட்ட கோடு இருக்கு, எல்லாரும் அங்க போய்தான் ப்ரேக் பிடிச்சிருக்காங்க, அதுக்கு அப்புறம் கல்லுக்கு நடுவுல இடமே இல்ல"ன்னான். உண்மைதான், இடது பக்கம் போறதுக்கு வழி இருக்கு, வேகத்தைக் குறைக்க இடம் இல்ல. வலது பக்கம் பலகைக்கல்லு மேல ஏறணும், பார்க்கப் பயமா இருக்கும், ஆனா அந்தப் பக்கம் மூணு இடத்துல கல்லே இல்லாம கெட்டி மண்ணு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் சைக்கிள் நீளத்துக்கு. அங்க ப்ரேக் பிடிக்கலாம்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரையில நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது. பாறையை நடந்து பார்க்கிறவங்க நிறையப் பேர் எந்தப் பக்கம் போறதுன்னு மட்டும் பார்த்துட்டு வந்துடுறாங்க, எங்க ப்ரேக் பிடிக்க முடியும்னு பார்க்கிறதில்ல. டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒண்ணுதான், ப்ரேக் பிடிச்சா அது அங்க செலவாகுது, திரும்புறதுக்கு மிச்சம் இருக்காது. அதோட முன் ப்ரேக் பிடிச்சா எடை முன்னாடி போகும், முன் சக்கரத்தைப் பிடிச்சு அதிர்ச்சியை வாங்குற ஃபோர்க் அமுங்கும், அமுங்கின ஃபோர்க்குக்கு அடுத்த கல்லை வாங்க இடம் இல்லாமப் போகும், சுத்துறது நின்ன சக்கரம் இடுக்குல இருந்து ஏறி வரவே வராது. அதனால மண்ணு இருக்கிற இடத்துல மொத்த ப்ரேக்கையும் பிடிச்சு முடிச்சிட்டு கல்லு மேல விரலை விட்டுடணும். கேட்க ஈஸி, விரல் கேக்காது, அதுக்குத்தான் முன்னாடியே நடந்து பார்த்து அந்த மூணு இடத்தையும் மனசுல பதிய வைக்கிறது.

நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பெரியவர் ஒருத்தர் மேல இருந்து வந்தார், அம்பதைத் தாண்டியிருக்கும், வண்டியில இருந்து இறங்கி எங்க கூடவே நடந்தார். "என்ன தம்பி, பாக்குறீங்களா?"ன்னார். "ஆமாண்ணா, முதல் தடவை."

"பாருங்க, நல்லா பாருங்க. நான் எத்தனையோ வாட்டி ஓட்டியாச்சு, இப்பவும் இறங்கிப் பாக்காம ஓட்டுறதில்ல. ஒரு மழை பேஞ்சா கல்லு இடம் மாறிடும் தம்பி." சொல்லிட்டு அந்தச் சருகு மூடின இடுக்குல காய்ஞ்ச குச்சி ஒண்ணை நட்டு வச்சிட்டு மேல ஏறிப் போனார், அடுத்த ரெண்டு நிமிஷத்துல வலது பக்கமா, நாங்க பார்த்து வச்ச அதே மூணு இடத்துல வேகத்தைக் குறைச்சு சத்தமே இல்லாம இறங்கினார். அவ்வளவு அழகு. எனக்கு வர வேண்டிய தைரியம் பூரா அதுலயே வந்துடுச்சு.

ட்ராப்பர் பட்டனை அமுக்கி சீட்டை அடியோட இறக்கினேன், பெடல் ரெண்டும் சமமா, குதிகால் கீழ, முழங்கையும் முட்டியும் மடங்கி. முதல் மண்ணுல ப்ரேக், விடு. பலகைக்கல்லு மேல முன் சக்கரம் ஏறினதும் எதிர்ல ஒண்ணுமே தெரியல, வெறும் மரக்கிளைதான், அந்த நேரத்துல கீழ குனிஞ்சு பார்க்கணும்னு தோணும், பார்த்தா அந்தக் கல்லுலயே போய் நிக்கும். பெரியவர் நட்டு வச்ச குச்சிக்கு வலது பக்கம் ரெண்டாவது மண்ணு எங்க இருக்குன்னு மட்டும் தேடினேன், கிடைச்சுது, ப்ரேக், விடு. அப்புறம் சின்னக் கல்லுங்க டயருக்குக் கீழ உருளுறது கைக்குத் தெரியுது, முன்கை கல்லாட்டம் இறுகிடுச்சு, மூணாவது மண்ணு, ப்ரேக், வெளிய. கத்திட்டேன். பின்னாடியே அவனும் கத்திக்கிட்டே வந்தான். உடனே திரும்ப மேல தள்ளிட்டுப் போய் இன்னொரு தடவை ஓட்டினோம், அது முதல் தடவையை விட மெதுவா, இன்னும் சுத்தமா வந்துச்சு.

பாறைக்குக் கீழ மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதை வருது, அங்க வேகமா போறவங்க கவனிக்காத ஒரு வேலைப்பாடு இருக்கு. பாதை வெளிப்பக்கம் லேசா சரிஞ்சிருக்கும், இறங்கிக்கிட்டே வந்து நடுவுல திடீர்னு ரெண்டடி ஏறும், திரும்ப இறங்கும். ஓட்டுறதுக்கு ஜாலியா இருக்கணும்னு மட்டும் பண்ணினது இல்ல, மழைத்தண்ணி பாதையோடயே ஓடாம அந்தப் பள்ளத்துல வெளிய போயிடணும்னு பண்ணினது. ட்ரெயில் போடுறவங்க பாதிக் கணக்குன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, மலைச்சரிவு எவ்வளவோ அதுல பாதிக்கு மேல பாதையோட சரிவு இருக்கக் கூடாது, மீறினா தண்ணி பாதையையே வாய்க்கால் ஆக்கிடும். மண்வெட்டி எடுத்துக்கிட்டு இதை வெட்டி வச்சவங்களை நினைச்சா நிஜமாவே நன்றியா இருக்கு.

ப்ரேக் விஷயம் இங்கயும் வரும். பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கிட்டே போனா மண்ணுல கோடு விழும், அடுத்த மழைத்தண்ணி அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடும், ஒரு சீசன்ல அது பள்ளம் ஆகிடும். அதனால தயவுசெஞ்சு சக்கரத்தைப் பூட்டாதீங்க, மழை விட்ட உடனே போகாதீங்க, டயர்ல சேறு அப்ப ஆரம்பிச்சா அதோட திரும்பிடுங்க.

கடைசியில ஒரு ட்ராப் இருக்கு, இடுப்பு உயரத்துக்குக் குதிக்கணும். அதையும் நடந்து பார்த்தோம். குதிச்சு இறங்குற இடம் ஈரம், அதுக்கு அப்புறம் உடனே வளைவு, நடுவுல ப்ரேக் பிடிக்க ஒரு சைக்கிள் நீளம் கூட இல்ல. பக்கத்துல இருக்கிற சுத்து வழியில ரெண்டு பேரும் போயிட்டோம், காய்ஞ்ச பிறகு திரும்ப வந்து பார்க்கிறதா பேசி வச்சிருக்கோம். மிச்சம் கீழ்ப்பாதி, அது சுலபம், காத்து வாங்கிக்கிட்டே வந்துட்டோம்.

கீழ வந்ததும் டிஸ்க்கைத் தொடாதீங்க, நல்லா சுடும். ஆறின பிறகு ப்ரேக் பேடைக் கழட்டிப் பார்த்தேன், பின் பேடு அரை மில்லிமீட்டருக்கு வந்துடுச்சு, அதுதான் மாத்த வேண்டிய அளவு. பிசின் வகை பேடு போட்டிருந்தேன், அது சத்தம் போடாது, ஆனா ஈர மண்ணுல சீக்கிரம் தேயும். நீள இறக்கத்துக்கு உலோகத்தூள் வகை தாங்கும், கொஞ்சம் சத்தம் வரும், பரவாயில்ல. அந்த ட்ராப்புக்குப் போறதுக்குள்ள அதை வாங்கிப் போட்டுடணும்.