முதலில் 26-ஆல் வகுத்தேன், பிறகு 10-ஆல்

2022-ல் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபோது, நாள் கட்டணத்துக்கு நான் போட்ட கணக்கு சுலபமாக இருந்தது. சம்பளம் 78,000, மாதம் 26 வேலை நாள். ஆக, நாளுக்கு 3,000. பிஎல்சி, அதாவது தொழிற்சாலை மெஷின்களை இயக்கும் சின்னக் கணினி, அதற்குப் புரோகிராம் எழுதுவதில் பதினோரு வருட அனுபவம் இருக்கிறது, அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் என்று தொழிற்பேட்டைகள் இருக்கிற சென்னையில் வேலைக்கா பஞ்சம்?

முதல் மூன்று மாதமும் எட்டு, ஒன்பது நாளுக்கு மேல் பில் போட முடியவில்லை. மீதி நாளெல்லாம் கொட்டேஷன் எழுதுவதிலும், செக்யூரிட்டி கேபின் பக்கத்தில் காத்திருப்பதிலும் போனது. லிங்க்ட்இன்னில் வாழ்த்து வந்தது, வேலை வரவில்லை. வேலை கொடுத்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டு, அதாவது மெஷின்களுக்கான மின் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்பவர். வயரிங் வரை அவர் ஆட்களே முடித்துவிடுவார்கள், புரோகிராம் எழுதத்தான் ஆள் இல்லை. அவர் பேனல் போன இடமெல்லாம் என் போன் நம்பரும் போனது. என்னைப் போன்றவர்கள் முதலில் தேட வேண்டியது கம்பெனி முதலாளியை அல்ல, இப்படிப்பட்டவரைத்தான்.

அப்புறம் கணக்கைத் திருப்பிப் போட்டேன். மெடிக்கல் இன்சூரன்ஸ், கம்பெனி கட்டிவந்த பி.எஃப். பங்கு, லேப்டாப், பெட்ரோல் எல்லாம் இனி என் தலையில். மாதம் 90,000 வேண்டும், பில் போடக்கூடியது பத்து நாள்தான். ஆக, நாளுக்கு 9,000.

"என்ன தம்பி, எலக்ட்ரீஷியனுக்கே நாங்க ஆயிரம்தான் தர்றோம்" என்றார் ஒரு முதலாளி. பேரம் பேசி 8,000-க்கு இறங்கினேன். அது கூடப் பரவாயில்லை. வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் ராத்திரி ஷிஃப்ட்டிலிருந்து போன், எல்லாம் இலவசம்! அடுத்த கொட்டேஷனிலிருந்து ஒரு வரி சேர்த்தேன்: மெஷின் ஓட ஆரம்பித்து 30 நாள் வரை போனில் உதவி, அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் அரை நாள் கட்டணம். ராத்திரி போன்கள் பாதியாகக் குறைந்தன.

ஒரு முறை 45,000-க்கு பில் போட்டால் 40,500 தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆடிட்டர் சிரித்தார். வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்து என் பெயரில் கட்டிய வரி, 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் பத்திரமாக இருந்தது. அப்போதைய 44ஏடிஏ பிரிவின்படி வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

பணம் வசூலிப்பதுதான் பெரிய பாடு. சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யமில் பதிவு செய்து அந்த எண்ணை பில்லில் அச்சடித்தேன். சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கெடு தாண்டி, மார்ச் முடிவதற்குள்ளும் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2024 மார்ச்சில், ஆறு மாதமாக என் போனை எடுக்காத ஓர் அக்கவுண்டன்ட் அவராகவே கூப்பிட்டார்: "சார், உங்க பேங்க் டீடெயில்ஸ் கொஞ்சம் அனுப்புங்க."

நாலாவது முறையாக அனுப்பினேன்.