நகம் மாட்டுதா?

"நகம் மாட்டுதா பாரு, மக்கா."

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பெயிண்ட் வேலை செய்யும் அண்ணாச்சி என் விரலைப் பிடித்து, பைக்கின் சைடு பாக்ஸில் விழுந்த கீறல்கள் மேல் ஓட்டினார்.

ஆரல்வாய்மொழிக் காற்று தெரியும்தானே. டீ குடிக்க நிறுத்திய வண்டியை அப்படியே சாய்த்துவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. மூன்று நாளாக மனசே சரியில்லை.

நகம் வழுக்கிய இடமெல்லாம் மேல்கீறல். அங்கே சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினார். வெள்ளை மெல்ல மங்கி, கறுப்பு திரும்பி வந்தது. ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடுமாம், கை ஆடிக்கொண்டே இருந்தது.

நகம் மாட்டிய கோடுகளுக்கு 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைசான 800, தண்ணீர் தொட்டு. துடைத்துக் காயவைத்து பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் மேட் கறுப்பு. பிரைமர் இல்லாமல் அடித்தால் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

மூலையில் இருந்த ஆழமான வெட்டை மட்டும் அவர் பூசவில்லை. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை அளவாக வெட்டி ஒட்டினார்.

"ராத்திரி பின்னால வாற லாரிக்காரனுக்குத் தெரியும்லா."

புதுசு வாங்கிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான்கு வருடமாக அம்மாவின் மருந்தும் தோவாளைப் பூவும் சுமந்த பெட்டி. அது தன் வேலையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. தோலில் பட்ட காயத்துக்காக அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வண்டி இப்போது திண்ணையில் ஏறி நிற்கிறது.