3/16 டியூபில் வழுவழுப்பு போயே போச்சு

மொட்டு விரியத் தொடங்கிவிட்டது, சாற்றின் ருசியும் மாறிவிட்டது. கனடாவின் லானார்க் பக்கம், சிரப்புக்காக மரச் சாறு இறக்கும் எங்கள் மேப்பிள் சரிவில் இந்த வருடக் கதை முடிந்தது. மரம் மரமாகச் சாற்றை வாங்கிக் கீழே கொண்டுவரும் டியூப் வரிசையை, அதாவது லைனைக் கழுவியதும், ஒவ்வொரு மரத்தின் குழாயும் அதில் சேரும் டி வடிவ இணைப்புகளில் அடிவாரத்து டி ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே பளிச்சென்று இருந்தது! கழுவுவதற்கு முன்னால் பக்கத்து டி-யை அறுத்தபோது ஓட்டை பாதி அடைபடும் அளவுக்குப் பழுப்புக் கோழை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

3/16 அங்குல டியூபின் பலமே அதன் ஒடுக்கம்தான். சாறு குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கும்போது அந்த எடையே மேலே வெற்றிடம் உண்டாக்கும். பத்து மீட்டர் இறக்கம் இருந்தால் பம்பே வேண்டாம். ஆனால் அதே ஒடுக்கத்தால் பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து டி-க்குள் அடைத்துக்கொள்ளும். அங்கே துளை குழாயைவிடவும் சின்னது. பதநீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவலாம், இங்கே கை நுழைய வழியில்லை.

சாதாரண ப்ளீச் எனக்கு ஒத்துவராது. சோடியம் உப்பு மிச்சம் தங்கினால் அணில் தேடி வந்து டியூபைக் கடித்துக் குதறிவிடும். அதனால் கால்சியம் ஹைப்போகுளோரைட். 65% தூள் 12 கிராமை 20 லிட்டர் தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய 400 பிபிஎம் குளோரின், அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு. தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. முக்கியமான வேலை அப்புறம்தான்: வண்டல் அடியில் படியும்வரை காத்திருந்து தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்ற வேண்டும். வண்டலோடு விட்டால் கோழையை எடுக்கப் போய் சுண்ணாம்பால் அடைத்த கதையாகும்.

சாறு இன்னும் லேசாக ஓடும் நாளில்தான் இதைச் செய்ய வேண்டும். லைன் நிறைந்திருந்தால்தான் இழுவை இருக்கும். உச்சி மரத்தில், துளையில் செருகியிருக்கும் ஸ்பவுட்டை (சாறு வடியும் மூக்குக்குழாய்) பிடுங்கி உடனே வாளியில் முக்கினால் லைன் தானே கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு குவளை அளவு போனதும் அந்த ஸ்பவுட்டை டி-யின் மூக்கில் செருகி மூடிவிட்டு அடுத்த மரம். இப்படியே கீழே இறங்க வேண்டும். ஒரு ஸ்பவுட் காற்றை இழுத்தாலும் மொத்த இழுவையும் போய்விடும், அதனால் அவசரமே கூடாது. கீழ் முனையில் குளோரின் வாசனை வந்ததும் வால்வை மூடி இரண்டு மணி நேரம் ஊறவிட்டேன். பிறகு வடித்து, உச்சியிலிருந்து நல்ல தண்ணீர்.

கியூபெக்கில் பலர் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் கோடை முழுக்க லைனிலேயே விட்டுவைக்கிறார்கள். வேலை சுலபம்தான், அடுத்த வருட முதல் சாற்றைக் கொட்டிவிட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

தூள் வாங்குவதுதான் இம்சை. நீச்சல் குளக் கடையில் கேட்டால் பாசி மருந்து, நிறமி என்று ஏதோ கலந்ததையே நீட்டுகிறார்கள். லேபிளில் கால்சியம் ஹைப்போகுளோரைட் மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பவுட்டைப் பொறுத்தவரை, கழுவிப் பழையதையே மாட்டுவதில் பலனில்லை என்பது என் முடிவு. துளைக்குள் கிருமி ஏறினால் மரம் சீக்கிரமே அதை அடைத்துக்கொள்ளும். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் மேப்பிள் ஆய்வு மையமும் வருடா வருடம் புது ஸ்பவுட் என்றுதான் சொல்கிறது. அடுத்த சீசனில் மேட்டு வரிசைக்கு சாறு மரத்துக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு ஸ்பவுட் போட ஆசை. ஸ்பவுட்டிலிருந்து டி வரை வரும் ட்ராப் லைனை மட்டும் 5/16 அங்குலத்துக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறேன்.

கழுவிய வரிசைகளை வேலியில் சரிவாகத் தொங்கவிட்டிருக்கிறேன், நீர் வடியட்டும். காய்ந்ததும் வரிசைக்கு ஒரு சுருளாக, மர எண் எழுதிய அட்டையோடு கொட்டகை உத்தரத்தில் மாட்டணும். வெயில் படாது, எலிக்கும் எட்டாது. கிழக்குச் சரிவு வரிசைதான் பாக்கி. அங்கே கரைசல் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் வால்வைத் திறக்கணும்.