ஜூலை 2 என்று சொல்லித் தொலைத்தேன்

2005இல் ஹெச்-1பி விசாவில் நியூ ஜெர்சி வந்தவன் நான். கிரீன் கார்டு கைக்கு வந்தது 2019 அக்டோபரில். நடுவில் கழிந்த பதினான்கு வருடக் கதை இங்கிருக்கும் இந்தியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். ஐந்து வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்பே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், 2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்-400 படிவத்தை ஆன்லைனில் நிரப்ப உட்கார்ந்தேன். கட்டணம் 710 டாலர்.

படிவத்தில் என்னைப் படுத்தி எடுத்தது பயணப் பட்டியல். கடந்த ஐந்து வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்த ஒவ்வொரு பயணத்துக்கும் போன தேதி, வந்த தேதி வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பாதி படிக்க முடியவில்லை. பழைய டிக்கெட் மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்தேன். அப்பாவின் காரியத்துக்கு ஓடிய தேதி வந்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். இனி விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தேதியை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது: வெளிநாட்டில் உங்களுக்குப் பரம்பரைப் பட்டம் ஏதாவது உண்டா? பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “உங்க தாத்தா ஊர் மணியக்காரர்தானே, போட்டுடுங்க” என்றார். சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று சொடுக்கினேன். அது 1795ஆம் வருடச் சட்டத்தின் மிச்சம் என்பது பிறகுதான் தெரிந்தது. பிரபுப் பட்டத்தோடு யாரும் இங்கே குடிமகன் ஆகிவிடக் கூடாது என்று அன்று எழுதினார்கள். நான் காத்திருந்த ஐந்து வருடக் கணக்கும் அதே சட்டத்தில்தான் முதலில் வருகிறது. நடுவில் 1798இல் அதைப் பதினான்கு வருடமாக்கி, 1802இல் மறுபடி ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, குடியுரிமை நேர்காணலில் நடக்கும் அமெரிக்க வரலாறு, அரசாட்சித் தேர்வுக்கு வருவோம். எங்கள் காலத்துப் பாடம் 100 கேள்வி. அதிகாரி பத்து வரை கேட்பார், ஆறு சரியாகச் சொன்னால் போதும், ஆறானதும் நிறுத்திவிடுவார். கேள்வியும் பதிலும் அரசே அச்சடித்துத் தருகிறது. மனப்பாடம் நமக்குப் புதிதா? ரயிலில் போக வர ஒரே வாரத்தில் நூறையும் முடித்துவிட்டேன். பெருமையாக மகளிடம் தாளைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், வீட்டில் பிறப்பால் குடிமகள் அவள் ஒருத்திதான். கடகடவென்று பதில் சொன்னேன். தாளை மடித்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “1776ல டிக்ளரேஷன். 1787ல கான்ஸ்டிடியூஷன். நடுவுல பதினோரு வருஷம் யாருப்பா ஆண்டாங்க?”

வாஷிங்டன் என்றேன். அவர் ஜனாதிபதி ஆனதே 1789இல்தானே என்றாள். அந்த நூறு கேள்வியில் இதற்குப் பதில் கிடையாது. அன்று இரவு அவளுடைய பாடப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தவன், நேர்காணல் வரைக்கும் நிறுத்தவில்லை.

முதலில் என்னைப் பிடித்து இழுத்தது ஜேம்ஸ்டவுன். ‘குடியேறிகள் ஏன் அமெரிக்கா வந்தார்கள்?’ என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் மதச் சுதந்திரம். அது 1620இல் மேஃப்ளவர் கப்பலில் பிளிமத் வந்தவர்களுக்குப் பொருந்தும். அதற்கு 13 வருடம் முன்பு, 1607இல், வர்ஜீனியாவில் வந்து இறங்கியவர்களை அனுப்பியது ஒரு கம்பெனி. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனி. அதன் பொருளாளர் தாமஸ் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முதல் கவர்னர். அதாவது சென்னையில் பின்னாளில் கோட்டை கட்டிய கம்பெனிக்கும் இதற்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர் ஒரே ஆள். இது தெரிந்த பிறகு அமெரிக்க வரலாறு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பள்ளியில் படித்த கதையின் இன்னொரு கிளை என்றே தோன்றியது.

இங்கே கம்பெனிக்கு லாபம் சுலபத்தில் வரவில்லை. தங்கம் தேடி வந்தவர்களுக்குச் சோறே கிடைக்கவில்லை. 1609-10 குளிர்காலத்தில் பெரும்பாலோர் பட்டினியில் செத்தார்கள். குதிரை, நாய், எலி என்று தின்று தீர்த்தார்கள். கடைசியில் காலனியைக் காப்பாற்றியது புகையிலை. புகையிலைக்கு ஆள் வேண்டும், நிலம் வேண்டும். நிலம் அங்கே முன்பே வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களுடையது. ஆளுக்கு என்ன செய்தார்கள் என்பது 1619இல் தெரிகிறது. அந்த வருடம் ஜூலை மாதக் கடைசியில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த சபை முதன்முதலில் கூடியது. அடுத்த மாதமே, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட இருபது சொச்சம் பேரை ஒரு கப்பல் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கி, அவர்களைக் கொடுத்து உணவுப் பொருளை வாங்கிப் போனது. தேர்தலும் அடிமை வியாபாரமும் ஒரே கோடையில் வந்து இறங்கியிருக்கின்றன. கேள்வித்தாளில் இவை இரண்டும் தூரத் தூரமாக இருக்கும்.

பதின்மூன்று காலனிகளின் பெயரை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் தேர்வில் மூன்று சொன்னால் போதுமாக இருந்தது, அதுவும் வேலை பார்க்கும் நியூ யார்க், குடியிருக்கும் நியூ ஜெர்சி, பக்கத்து பென்சில்வேனியா என்றே சொல்லிவிடலாம். பென்சில்வேனியா மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. வில்லியம் பென்னின் அப்பாவுக்கு அரசர் தர வேண்டிய கடன் 16,000 பவுண்டு, அதை அடைக்க 1681இல் மகனுக்கு ஒரு மாநிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்!

பிரிட்டனோடு ஏன் சண்டை என்றால் வரி என்பார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பர் 16 இரவு கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் நம் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான். கம்பெனி கடனில் தத்தளித்தது. அதைத் தூக்கிவிட, காலனிகளில் தேயிலையை மலிவாக விற்க லண்டன் சட்டம் போட்டது. விலை குறைந்ததற்கா கலவரம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மலிவு விலையைக் காட்டி வரியை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய கோபம்.

யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது 1781 என்பதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைத் துணைத் தளபதியிடம் கொடுத்தனுப்பிவிட்டு உள்ளேயே இருந்துகொண்ட அதன் தளபதி காரன்வாலிஸ், ஐந்து வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாக இந்தியாவில் வந்து இறங்கினார். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலை வாங்கினார். பாராமகால் என்றால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம். இங்கே தோற்றவர் அங்கே வந்து எங்கள் ஊரைப் பிடித்திருக்கிறார்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். நடுவில் ஆண்டது காங்கிரஸ் என்ற மாநிலப் பிரதிநிதிகள் சபை, 1781 முதல் கூட்டமைப்பு விதிகள் என்ற ஓர் ஏற்பாட்டின்படி. அதில் ஜனாதிபதி கிடையாது, உச்ச நீதிமன்றம் கிடையாது. காங்கிரஸ் வரி போட முடியாது, மாநிலங்களிடம் கேட்கத்தான் முடியும். மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. விதியை மாற்றப் பதின்மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு ஒரு சின்ன வரி போடலாம் என்று கேட்டபோது ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் முடியாது என்றது, அவ்வளவுதான். போரில் சண்டையிட்ட வீரர்களுக்கே சம்பளப் பாக்கி. மாசசூசெட்ஸில் கடனில் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகள் 1786இல் டேனியல் ஷேஸ் தலைமையில் நீதிமன்றங்களை மறித்தார்கள். இதைப் பார்த்து மிரண்டவர்கள்தான் அடுத்த வருடம் பிலடெல்பியாவில் கூடினார்கள்.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தானே என்று 2025 ஜனவரியில் குடும்பத்தோடு போனோம். இன்டிபென்டன்ஸ் ஹாலின் அந்த அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். 1787 மே முதல் செப்டம்பர் வரை, பேசுவது வெளியே கேட்டுவிடக் கூடாது என்று கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இங்கே உட்கார்ந்தார்கள். வந்து போனவர்கள் 55 பேர், கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் மல்லுக்கட்டி, ஒரு சபையில் மக்கள்தொகைப்படி, இன்னொன்றில் மாநிலத்துக்கு இரண்டு பேர் என்று முடித்தார்கள். ‘செனட்டர்கள் மொத்தம் எத்தனை பேர்?’ என்று நாம் மனப்பாடம் செய்யும் 100க்குப் பின்னால் அந்தச் சண்டை இருக்கிறது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிக்கொள்ளலாம் என்றதும் அதே அறையில்தான்.

வெளியே வந்து ஒரு தெருவைக் கடந்தால் வாஷிங்டன் ஜனாதிபதியாகக் குடியிருந்த வீட்டின் இடம் வருகிறது. வீடு இல்லை, அடித்தளமும் சில சுவர்களும்தான். அங்கே அவர் வைத்திருந்த ஒன்பது அடிமைகளின் பெயர்கள் சுவரில் செதுக்கியிருந்தன. வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் விடுதலை கேட்கலாம் என்பது பென்சில்வேனியாச் சட்டம். அதனால் ஆறு மாதம் ஆவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்திருக்கிறார் தேசத் தந்தை. ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796இல் தப்பி ஓடிவிட்டாள். கடைசி வரை பிடிபடவில்லை. மகள் அந்தப் பெயரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகு எனக்கு ஒரு சந்தேகம். புது அரசியலமைப்பின்படி கூடிய முதல் காங்கிரஸ் குடியுரிமைக்கு என்ன விதி வைத்தது? தேடினேன். 1790ஆம் வருடச் சட்டம்: இரண்டு வருடம் வசித்தால் போதும், நன்னடத்தை வேண்டும், அப்புறம், ‘சுதந்திரமான வெள்ளையராக’ இருக்க வேண்டும். நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த அதே மனிதர்களின் ஏற்பாட்டில் நான் மனுவே போட முடியாது. அந்த வார்த்தை நீண்ட ஆயுளோடு இருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் தின்ட் என்ற இந்தியருக்கும் 1923இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. இந்தியர்களுக்குத் திறந்தது 1946இல், ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டத்தால். தேதி ஜூலை 2.

நேர்காணல் மார்ச்சில் வந்தது. வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வேன் என்று உறுதி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வயதான அம்மா ஒருவர்தான் அதிகாரி. படிக்க ஒரு வாக்கியம், எழுத ஒரு வாக்கியம். ஐரோப்பியருக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் யார்? சரி. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர்? அரசியலமைப்பை ஆதரித்து வந்த அந்த 85 கட்டுரைகளில் ஹாமில்டனும் மேடிசனும் எழுதிக் குவிக்க, நோயில் படுத்து ஐந்தே ஐந்து எழுதிய ஜான் ஜேயின் பெயரைச் சொன்னேன், பாவம் அவரை யார் சொல்லப் போகிறார்கள் என்று. அந்த அம்மா லேசாகப் புருவத்தை உயர்த்தினார். காலனிக்காரர்கள் ஏன் பிரிட்டனோடு போரிட்டார்கள்? தேயிலையில் ஆரம்பித்தேன். “ஒரு காரணம் போதும்” என்றார்.

அடுத்தது: சுதந்திரப் பிரகடனம் எப்போது ஏற்கப்பட்டது?

ஜூலை 2, 1776 என்றேன்.

சொன்ன உடனே தெரிந்துவிட்டது. அன்றுதான் பன்னிரண்டு காலனிகள் சுதந்திரத்துக்கு ஓட்டுப் போட்டன, நியூ யார்க் ஒதுங்கி நின்றது. வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2ஐத்தான் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார். 4ஆம் தேதி ஏற்றது பிரகடனத்தின் வாசகத்தை. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2இல். இதையெல்லாம் விளக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் ஏற்கெனவே குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதிகமாகப் படித்துக் கோட்டை விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. நல்லவேளை, மற்றவை சரியாக வந்தன. ஏழு கேள்வியில் ஆறு.

காரிலிருந்து மகளை அழைத்தேன். “ஷீட்ல இருக்கறத மட்டும் சொல்லுங்கன்னு சொன்னேன்ல!” என்று அரை நிமிடம் சிரித்தாள்.

உறுதிமொழி விழா மூன்று வாரம் கழித்து. எந்த அந்நிய அரசருக்கும் ஆட்சியாளருக்கும் விசுவாசம் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். கிரீன் கார்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழோடு வெளியே வந்ததும் மனைவி காதில் சொன்னார்: “மணியக்காரர் பட்டம் போச்சு.” அடுத்தது அமெரிக்க பாஸ்போர்ட், பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. அந்த அலைச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று: 2025 அக்டோபர் 20 முதல் மனு போடுகிறவர்களுக்குத் தேர்வு மாறிவிட்டது. பாடம் 128 கேள்வி, கேட்பது 20, சரியாகச் சொல்ல வேண்டியது 12. பழைய தாளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

அந்த வருடம் ஜூலை 2 புதன்கிழமை. காலையில் மகளிடமிருந்து வாட்ஸ்அப்: “ஹேப்பி இன்டிபென்டன்ஸ் டே, அப்பா.” அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து படித்தேன். விடுமுறைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.