நாலு படி தெரிந்தால்

ஜூன் 14

ஆற்றில் எங்களுக்கு வழிகாட்டும் சேட்டனிடமிருந்து காலையில் ஒரு படம் மட்டும் வந்தது. கடவில் ஏழு படியும் தெரிகிறது. பாறைகளுக்கு நடுவே நூல் மாதிரி தண்ணீர். பருவமழை தொடங்கி இரண்டு வாரமாகியும், நாங்கள் கயாக்கில் (ஒற்றையாள் துடுப்புப் படகு) இறங்கப்போகும் கோழிக்கோட்டுச் சாலிப்புழை இன்னும் ஆறாகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 17

மொட்டை மாடி. ஆற்றில் விழுந்தவனுக்கு எறியும் 18 மீட்டர் கயிறு, அந்தக் கோடியில் சிவப்பு பக்கெட். இருபது முறை எறிந்ததில் பதினொன்று சரி.

வாட்ச்மேன் அண்ணன் மேலே வந்து, "மாடு பிடிக்கவா தம்பி?" என்றார்.

ஜூன் 18

ஒன்பது.

ஜூன் 22

பொள்ளாச்சிப் பக்கம், கூட வரும் மாப்பிள்ளையின் தோட்டத்துக் கிணறு. கயாக்கைக் கயிறு கட்டி இறக்கினோம். கவிழ்ந்து, துடுப்பை வீசி, இடுப்பைத் திருப்பி எழுந்திருப்பது: பத்துக்குப் பத்து. பிறகு எழாமல், தலைகீழாகத் தொங்கியபடியே, இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் வாரை இழுத்து வெளியே வருவது. அதுவும் பத்துக்குப் பத்து. கிணற்றுத் தண்ணீர் யாரையும் எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லையே.

அப்பத்தா கிணற்று மேட்டில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, நல்லா மெதக்கறத எதுக்குக் கவுத்தறீங்க?" என்றார். இருவருக்கும் பதில் வரவில்லை.

ஜூன் 23

போன வருஷம் எங்களோடு வந்தவனுக்கு அனுப்பியதில் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

ஜூன் 28

தூக்கமில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

இரண்டாவது வளைவில் மூங்கில் புதர் ஒன்று வேரோடு சாய்ந்து, பாதி ஆற்றை மறித்துக் கிடக்கிறதாம். சேட்டன் சாதாரணமாகத்தான் சொன்னார். கஞ்சி வடிக்கும் தட்டு மாதிரி அது: கஞ்சி போய்விடும், சோறு நிற்கும். நாங்கள் சோறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளை அழுத்தும் விசை நாலு மடங்கு. மூங்கிலில் அப்பிக்கொண்டவனைப் பிடித்து இழுக்க எத்தனை பேர் வந்தாலும் போதாது. அதனால் அதற்கு மேலேயே, இடது கரைப் பாறைக்குப் பின்னால் நீர் நின்று சுழலும் இடத்தில் எல்லோரும் ஏறிவிட வேண்டும். கயாக்கைத் தோளில் தூக்கி ரப்பர் தோட்டம் வழியாக நடந்து, கீழே போய் மறுபடி இறங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதில் இஷ்டமில்லை. வலது ஓரம் ஓர் ஆள் போகிற இடைவெளி இருக்குமாம். இருக்கும், யார் இல்லை என்றது?

கேள்வி அதுவல்ல. அந்தப் பாறையைத் தவறவிட்டவனுக்குக் கயிறு எங்கிருந்து போகும் என்பதுதான். கயிற்றைப் பிடித்தவன் நேராக என்னிடம் வரமாட்டான். ஊசல் மாதிரி வளைந்து, எனக்குக் கீழேதான் கரை சேருவான். அப்படியென்றால் நான் மூங்கிலுக்குக் குறைந்தது ஒரு கயிறு நீளம் மேலே நிற்க வேண்டும். பக்கத்தில் நின்றால் நானே அவனை மூங்கிலுக்குள் செருகிவிட்ட மாதிரி ஆகும்.

போன வருஷம் நான் நின்ற இடத்தில் படம் நன்றாக வந்தது.

ஜூன் 29

பதின்மூன்று. கயிறு நனைந்திருந்தால் இன்னும் தூரம் போகிறது. இனி பக்கெட்டில் முக்கிவிட்டே எறியப் போகிறேன்.

ஜூலை 3

கோழிக்கோட்டுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. அதாவது 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை. அந்தப் புள்ளி நாலுக்காகவெல்லாம் மேகம் காத்திருக்குமா என்ன.

ஒரு படிதான் தெரிகிறது. சேட்டன் கணக்கு எளிது. நாலு படி தெரிந்தால் போகலாம். மூன்று தெரிந்தால் யோசிக்கலாம். இரண்டு தெரிந்தால் சாயா குடிக்கலாம். ஒன்றுக்கு அவர் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அம்மா டிவியில் பழைய சூரல்மலை நிலச்சரிவுக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2024 ஜூலை 30. அதே வெள்ளரிமலைத் தொடரின் வயநாட்டுப் பக்கம். நாங்கள் போவது இந்தப் பக்கம். "எங்கேயோ போறேன்னியே, எங்கே?" என்றார். கோழிக்கோடு என்றேன். பொய் இல்லை.

ஜூலை 6

எலிக்காய்ச்சலுக்கு முன்னெச்சரிக்கையாக டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம், வாரம் ஒன்று. டாக்டர் எழுதிக்கொடுத்தார். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு காலை முழுக்கக் குமட்டல். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லியிருந்தார், சொல்லாமல் இல்லை.

ஜூலை 9

மாப்பிள்ளையோடு சண்டை. ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவதைப் பற்றி என்று தொடங்கியது. கேமரா வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான்.

ஜூலை 10

பதினாறு.

சண்டை தீர்ந்தது. கேமரா இல்லை.

ஜூலை 13

போன வருஷம் வந்தவனிடமிருந்து இரண்டே வார்த்தை: "எத்தனை படி?"

நான்கு முறை படித்தேன். மூன்று என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது.

ஜூலை 17

வாளையாரில் வண்டியை நிறுத்தி, கேரியரில் இருப்பது என்ன, தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டார்கள். மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, அரீக்கோடு, முக்கம். வழியெல்லாம் மழை. கோடஞ்சேரி வந்தபோது இருட்டிவிட்டது. அறையிலிருந்து ஆற்றின் சத்தம் கேட்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். பிறகு திறந்தேன்.

ஜூலை 18

கரையோரமாக முழுப் பாதையையும் நடந்து பார்த்தோம். காலில் அட்டை எண்ணி பதினான்கு. எங்கெங்கே ஏறினால் ரோட்டைப் பிடிக்கலாம் என்று குறித்தோம்: ஐந்து இடம். செல்போன் சிக்னல் அதில் இரண்டில்தான். கோழிக்கோடு நகரம் 50 கிலோமீட்டர்.

மூங்கிலைப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சின்னது. அதுதான் பிடிக்கவில்லை. பெரிதாக இருந்தால் மாப்பிள்ளையும் பயப்படுவான். வலது ஓரம் இடைவெளி இருக்கிறது, உண்மைதான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கரையிலிருந்து தெரியவில்லை. சேட்டன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேண்டா" என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டினான். நான் மூன்று வாரமாகச் சொன்னதற்கு இல்லாத மரியாதை.

மதியம் கீழே நல்ல வெயில். திடீரென்று தண்ணீர் சாயா நிறமாக மாறியது, சருகும் சுள்ளியும் வந்தன. சத்தம் ஒரு சுருதி இறங்கியது. மேலே பெய்கிறது. ஏறிவிட்டோம். கால் மணி நேரத்தில் நாங்கள் நின்ற பாறை காணவில்லை. மலவெள்ளப்பாச்சில் என்கிறார்கள் இங்கே. ஆற்றுக்குள் இருந்திருந்தால் எந்த இடத்தில் ஏறியிருப்போம் என்று அறைக்கு வந்தும் பேசிக்கொண்டே இருந்தோம். ஐந்தில் இரண்டு இடத்தை அடித்துவிட்டோம்.

ஜூலை 19

இரண்டு படி. சாயா.

மாலை அவன் கோழிக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். இளைத்திருக்கிறான். கை குலுக்கினோம். "கயிறு எவ்வளவு நீளம்?" என்றான். 18 என்றேன். "போன தடவையும் 18 தானே." ஆமாம் என்றேன்.

அதே நாள், இரவு

பொருட்களைப் பரப்பிச் சரிபார்த்தோம். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில், முனை மழுங்கிய கத்தி. என் ஸ்ப்ரே ஸ்கர்ட் இல்லை. கோவையில் மொட்டை மாடிக் கொடியில் காய்கிறது. மூன்று வாரம் மூங்கிலைப் பற்றியே யோசித்ததில் இது போயிற்று. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான்.

சேட்டன் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். என் கயாக்கின் விளிம்பில் அது இறுக்கமாக உட்காரவில்லை, விரலால் தட்டினாலே கழன்றது. முதல் அலையிலேயே கயாக் நிறைந்துவிடும். ஒட்டுநாடா போட்டுப் பார்க்கலாமா என்றான் மாப்பிள்ளை. யாரும் பேசவில்லை. நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் கரையில் நிற்கிறேன்" என்றேன்.

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். சுருட்டாமல், கை கையாக. முடிச்சு எங்கும் இல்லை. மறுபடி வெளியே இழுத்துவிட்டு மறுபடி திணித்தேன்.

ஜூலை 20, காலை 6.10

நாலு படி. தண்ணீர் தெளிவு. கோழிக்கோட்டுக்கு இன்று மஞ்சள் எச்சரிக்கை. சேட்டன் மேலே மலையைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார். முதலில் சேட்டன், நடுவில் அவன், கடைசியில் மாப்பிள்ளை. துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் வா, கிடையாகப் பிடித்தால் நில். மூன்று விசில் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். நான் மூங்கிலுக்கு முப்பது தப்படி மேலே. தப்படி எண்ணிப் பார்த்து, கல் வைத்துவிட்டு வந்தேன். கயிற்றை நனைத்தாயிற்று. அங்கிருந்து வளைவு சரியாகத் தெரியவில்லை, படம் எதுவும் வராது. போகிறேன்.